தட்டுத் தடுமாறி...

கொரட்டூர் ரயில்வே ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் நண்பர் வீடு. பாடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் லேத் மெஷினோடு குடும்பம் நடத்தி ரிட்டயர் ஆனவர். போன மாதம் ஒரு காலையில் அவரிடமிருந்து போன். "சார், பெட்டி படுத்துது. ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்."

பெட்டி என்று அவர் சொன்னது நாஸ் என்கிற சமாசாரத்தை. ஷூ டப்பா சைஸ். உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். ரூட்டரில் ஒயர் போட்டு மாட்டிவிட்டால் வீட்டில் யார், எந்த போனிலிருந்தும் அதில் இருக்கும் படத்தை, பாட்டை எடுத்துக்கொள்ளலாம். ஒரு டிஸ்கில் எழுதுவதை அப்படியே இன்னொன்றிலும் எழுதும். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே என்கிற தைரியம்.

நண்பருக்கு அதில் ஒரு ஃபோல்டர்தான் உயிர். 1986-ல் அவருடைய அம்மா, பேத்திக்குக் கதை சொன்னதை டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்திருந்தார். பதினோரு கேசட். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, பூஞ்சை பிடித்த கேசட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்று. அம்மா இல்லை. கேசட்டும் இல்லை.

இப்போது அந்த ஃபோல்டரைத் திறந்தால் சக்கரம் சுற்றுகிறது. சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது.

நான் எல்லாரும் செய்கிற தப்பைத்தான் முதலில் செய்தேன். இன்டர்நெட்காரரைத் திட்டினேன். ரூட்டரை அணைத்துப் போட்டேன். ஒயரை மாற்றினேன். லேப்டாப்பிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு ஒரு சினிமாவை அனுப்பிப் பார்த்தால் பறக்கிறது. பெட்டியிடம் கேட்டால் மட்டும் மாட்டு வண்டி. பெட்டி முகப்பிலோ பச்சை விளக்கு, சமர்த்தாக எரிகிறது.

நண்பர் குனிந்து பெட்டியில் காதை வைத்தார். "ஒயர் கோளாறு இல்ல சார். உள்ள ஏதோ தேயுது" என்றார். முப்பத்திரண்டு வருஷம் பேரிங் சத்தம் கேட்ட காது. நானும் வைத்துப் பார்த்தேன். டிக்... டிக்... டிக்... சின்ன இடைவெளி. மறுபடி டிக்.

அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

ரெனால்ட் ஜான்சன் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அமெரிக்காவில் மிச்சிகன் பக்கம் சயன்ஸ் சொல்லிக்கொடுத்தவர். பரீட்சைப் பேப்பர் திருத்தியே நொந்துபோய், பென்சில் குறியைத் தானே படித்து மார்க் போடுகிற மெஷினைக் கண்டுபிடித்தார். (வாத்தியார்கள் எல்லாருக்கும் வருகிற கனவுதான். இவர் செய்தேவிட்டார்.) 1934-ல் ஐ.பி.எம். அவரையும் மெஷினையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. 1952-ல் அதே கம்பெனி அவரை கலிஃபோர்னியாவில் சான் ஓசேக்கு அனுப்பி ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடம் ஆரம்பிக்கச் சொன்னது.

அங்கே பிறந்ததுதான் உலகத்தின் முதல் ஹார்டு டிஸ்க். 1956 செப்டம்பரில் ராமக் என்ற பெயரில் அறிவித்தார்கள். இரண்டடி அகலத்தில் ஐம்பது தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. எடை ஏறக்குறைய ஒரு டன். வாடகைக்குக் கொடுத்தார்கள். மொத்த சிஸ்டத்துக்கும் மாதம் 3,200 டாலர். கொள்ளளவு? ஐம்பது லட்சம் எழுத்துகள். இன்றைக்கு போனில் எடுக்கிற ஒரு போட்டோவுக்கே சரியாகிவிடும்.

தட்டுக்குக் காந்தப் பூச்சு பூசிய விதம் இன்னும் வேடிக்கை. இரும்பு ஆக்ஸைடு கலந்த பெயின்ட்டை, பெண்கள் காலில் போடுகிற நைலான் உறையில் வடிகட்டி, பேப்பர் கப்பில் எடுத்து, சுழலும் தட்டின் நடுவில் ஊற்றுவார்கள். சுழற்சியில் பெயின்ட் தானாகவே விளிம்பு வரை பரவும். தோசை வார்க்கிற கதைதான். கரண்டிதான் இல்லை.

தட்டின் மேல் எழுதும், படிக்கும் முனைக்குத் தலை என்று பெயர். தலை தட்டைத் தொடக்கூடாது, தொட்டால் சுரண்டிவிடும். ஆகவே காற்று மெத்தையில் மிதக்கவிட்டார்கள். மிதக்கிற உயரம் குறையக் குறைய இன்னும் நெருக்கமாக எழுதலாம். அறுபது வருஷத்துக்கும் மேலாக இந்த உயரத்தைக் குறைப்பதே பிழைப்பாக இருந்திருக்கிறது. நண்பர் லேத்தில் பெருமையாகச் சொல்கிற நுணுக்கம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. இன்றைய டிஸ்கில் தலை பறக்கிற உயரம் அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே. சொன்னதும் சட்டென்று அமைதியாகிவிட்டார். தொழில் தெரிந்தவருக்குத்தான் அது எவ்வளவு பயங்கரம் என்று புரியும்.

இத்தனை நெருக்கத்தில் ஒரு தூசி, ஒரு கீறல் போதும். அந்த இடம் படிக்க முடியாமல் போகும். டிஸ்க் என்ன செய்யும்? மறுபடி முயற்சி செய்யும். நிமிஷத்துக்கு 7,200 சுற்று என்றால் விநாடிக்கு 120. தவறவிட்ட இடம் மீண்டும் தலைக்குக் கீழே வர ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். நூறு தடவை முயன்றால் கிட்டத்தட்ட ஒரு விநாடி போச்சு. இப்படிக் கெட்டுப்போன இடங்கள் சில நூறு இருந்தால்? சாதாரண டிஸ்குகள் ஒரே இடத்தோடு ஒரு நிமிஷத்துக்கு மேல்கூட மல்லுக்கட்டும். பிடிவாதம். நாஸ் பெட்டிக்கென்றே செய்கிற டிஸ்குகளை ஏழு விநாடி போலப் பார்த்துவிட்டு "என்னால முடியல" என்று சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். சொன்னால்தானே பெட்டி இன்னொரு டிஸ்கிடம் கேட்கும்!

நண்பர் கடையில் மலிவாகக் கிடைத்த சாதாரண டிஸ்கை வாங்கியிருந்தார். ஒன்று திணற, இன்னொன்று சும்மா காத்திருக்க, பெட்டி மொத்தமும் ஸ்தம்பித்தது.

டிஸ்குகளைக் கூட்டாகக் குடித்தனம் வைக்கிற யோசனைக்கு ரெய்டு என்று பெயர் வைத்தது 1988-ல். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை. விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்குக்குப் பதில் மலிவான சின்ன டிஸ்குகள் நிறைய. ஆனால் அவர்களே ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் ஓடும் என்றால், நூறு டிஸ்கில் ஏதோ ஒன்று 300 மணி நேரத்தில் போகும். இரண்டு வாரம்கூட இல்லை! ஆகவே உபரி டிஸ்க் கட்டாயம் என்றார்கள்.

அந்தக் கணக்கில் டிஸ்குக்கு இரண்டே நிலைதான். ஒன்று உயிரோடு இருக்கும், இல்லை செத்துப்போகும். சாகக் கிடக்கிற டிஸ்க் கணக்கிலேயே இல்லை. செத்தால் விளக்கு சிவப்பாகும், மாற்றிவிடலாம். சாகாமல் இழுத்துக்கொண்டிருந்தால்? 2018-ல் பல ஆய்வாளர்கள் சேர்ந்து பன்னிரண்டு நிறுவனங்களிலிருந்து இப்படிப்பட்ட 101 சம்பவங்களைத் திரட்டினார்கள். சாகாமல், மெதுவாகிப்போன கருவிகளின் கதைகள். காரணத்தைக் கண்டுபிடிக்கவே சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகியிருக்கிறது. எனக்குக் காலையிலிருந்து மூன்று மணி நேரம்தான். அதுவும் லேத்காரர் காது இருந்ததால்.

நம்ம ஊருக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 கம்ப்யூட்டர் வந்தது. அங்கே கெமிக்கல் எஞ்சினீயரிங் படித்து 1977-ல் வெளியே வந்த சி.மோகன் கம்ப்யூட்டர் பக்கம் தாவி, 1981-ல் சான் ஓசேயில் அதே ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் கணக்குவழக்கு என்ன ஆகும் என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. ஏரிஸ் என்ற அவர்கள் முறை 1992-ல் அச்சானது. எதையும் மாற்றுமுன் 'இதைச் செய்யப்போகிறேன்' என்று நாட்குறிப்பில் எழுது; விழுந்து எழுந்தால் குறிப்பைப் பார்த்து நடந்ததையெல்லாம் திரும்ப நடத்து; அரைகுறையை அழி. இதில் ஒரு படிக்கு அவர்கள் வைத்த பெயரே 'வரலாற்றைத் திரும்ப நடத்துதல்'. சரித்திரப் பத்தி எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, பெட்டிக்கு வருவோம்.

டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே குறிப்பு வைத்துக்கொள்ளும் வசதி 1990-களில் வந்தது. ஸ்மார்ட் என்பார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இரண்டாவது டிஸ்கில் 'படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள்' நூற்றுச் சொச்சம். கம்பெனி வைத்த எல்லையை இன்னும் தாண்டாததால் பச்சை விளக்கு! 2007-ல் கூகுள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்தது. முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க் அடுத்த அறுபது நாளில் சாகிற வாய்ப்பு, பிழை வராததைவிட 39 மடங்கு. அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. செத்த டிஸ்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தவை.

"கழட்டிட்டுப் புதுசு போட்டுடலாமா சார்?" என்றார் நண்பர், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு.

"வேண்டாம், வேண்டாம்!"

புதுசு போட்டால், மிச்சமிருக்கும் நல்ல டிஸ்கை முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை படித்துத்தான் பெட்டி நகல் எடுக்கும். மணிக்கணக்கில் விடாத ஓட்டம். அதுவும் அதே வயசு, நடுவில் அதுவும் படுத்தால்? ஆகவே முதலில் கேசட் ஃபோல்டரை மட்டும், திணறத் திணற, வெளியே ஒரு டிஸ்குக்கு எடுத்தோம். நாலு மணி நேரம். பதினோரு கேசட்டில் பத்து சுத்தமாக வந்தது. ஏழாவது பாதியில் நின்றது. நண்பர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். மூன்றாவது முயற்சியில் அதுவும் வந்தது. அப்புறம்தான் பெட்டியை அணைத்து, சீரியல் நம்பரை இரண்டு தடவை சரிபார்த்து (தப்பான டிஸ்கை உருவிவிட்டு அழுதவர்கள் ஏராளம்), கெட்டதைக் கழற்றினோம். பெட்டி பறந்தது. ராத்திரிக்குள் மிச்சமெல்லாம் நகலாகிவிட்டது.

அந்த நகலை வீட்டிலேயே வைக்காதீர்கள் என்றேன். அதற்கு அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 2015 டிசம்பரில் கொரட்டூரில் தண்ணீர் வந்தபோது கீழ்த்தள பீரோவில் இருந்த கல்யாண ஆல்பத்தைப் பறிகொடுத்தவர் அவர். ஆவடியில் மச்சினர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்.

ஏழாவது கேசட்டைப் போட்டுக் கேட்டோம். அம்மா, நரியும் நண்டும் கதை சொல்கிறார். நடுவில் தூரத்தில் சங்கு ஊதுகிறது. "செகண்ட் ஷிப்ட் சங்கு. அன்னிக்கு நான் லீவு" என்றார் நண்பர்.

புது டிஸ்க் மறுநாள் வந்தது. மாட்டி முடித்ததும் மிச்சமிருந்த பழைய டிஸ்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையும் மாத்திடணும் இல்ல சார்? ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே கடைலதான் வாங்கினேன்."

அடுத்த மாதப் பென்ஷன் வந்ததும் என்று முடிவாயிற்று.