வரவேற்பறைத் திரைக்கு ஒரு சிறு கணினி: தேர்வு முறை குறித்த ஆய்வு

1. ஆய்வின் எல்லை

டிவியோடு கணினியைச் சேர்க்கும் ஆசை இருபது ஆண்டுகளுக்கும் மேல் பழையது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக 2002இல் ஆர்வலர்கள் எழுதத் தொடங்கிய வீடியோ மென்பொருள்தான் வளர்ந்து, 2014இல் ‘கோடி’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே 2002இல் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் எக்ஸ்பியில் மீடியா சென்டர் பதிப்பைக் கொண்டுவந்தது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது மீடியா சென்டரையே கைவிட்டது. இதற்குள் டிவியே பாதிக் கணினியாகிவிட்டது. ஆகவே தனியாக ஒரு கணினிக்கு அந்த அறையில் என்ன வேலை மிச்சமிருக்கிறது என்று பார்த்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது ஒரு சென்னை அடுக்ககத்தின் வரவேற்பறை. 4கே டிவி, சவுண்ட்பார், ஒரு ஹார்டு டிஸ்க் நிறையப் படங்கள், கூடவே பழைய கல்யாண டிவிடிகளிலிருந்து எடுத்து வைத்த கோப்புகள். விற்பவர் முதலில் சொல்வது பிராசஸரின் வேகத்தை. இந்த அறைக்கு அது கடைசியாகக் கவனிக்க வேண்டிய சங்கதி என்பதே என் வாதம்.

2. உரிமைப் பூட்டு

ஓடிடி மட்டும் பார்க்கும் குடும்பத்துக்கு மினி பிசி வேண்டவே வேண்டாம். படத்தைத் திருடாமல் காக்கும் வைட்வைன் பூட்டில் எல்1, எல்2, எல்3 என மூன்று நிலைகள் உண்டு. எல்1 நிலையில் பூட்டு திறப்பதும் படம் விரிவதும் சிப்பின் பாதுகாப்பான பகுதிக்குள்ளேயே நடக்கின்றன. எல்3 வெறும் மென்பொருள். உயர்ந்த தரத்தைப் பெரும்பாலான சேவைகள் எல்1 கருவிகளுக்கே தருகின்றன. லினக்ஸ் கணினியின் பிரௌசர் எல்3இல் நிற்கிறது. எத்தனை விலை கொடுத்து வாங்கிய பெட்டியானாலும் அங்கே 4கே வராது. விண்டோஸில் எட்ஜ் பிரௌசர் வழியாக நெட்ஃபிளிக்ஸின் 4கே கிடைக்கும். ஆனால் பிராசஸர், எச்டிசிபி 2.2 ஏற்கும் திரை, எச்.265 நீட்சி என்று நிபந்தனைகள் வரிசைகட்டும். டிவியின் பின்னால் செருகும் ஒரு ஸ்டிக் இதையெல்லாம் கேள்வி கேட்காமல் செய்துவிடுகிறது. கணினிக்கு மிஞ்சுவது சொந்தச் சரக்கு. அது இல்லாத வீட்டார் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

3. கோப்பும் டிகோடரும்

சுருக்கி வைத்த வீடியோவை விரிப்பதற்கென்றே கிராஃபிக்ஸ் பகுதிக்குள் ஒரு தனிச் சுற்று இருக்கிறது. எச்.264 முறை 2003இல் வந்தது, எச்.265 2013இல், ஏவி1 2018இல். வந்த கோப்பின் வகை அந்தச் சுற்றுக்குத் தெரிந்திருந்தால் 4கே படம் ஓடும்போதும் பிராசஸர் கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். தெரியாவிட்டால் முழுச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். மின்விசிறி சீறத் தொடங்கும்.

சென்னையின் ரிச்சி தெருவில் அலுவலகங்கள் கழித்துக்கட்டிய கைக்கடக்கமான பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும்: லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, எச்பி மினி. இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றின் உள்ளே ஐ5-6500டி, மற்றதில் ஐ5-7500டி. வேகத்தில் பெரிய வேறுபாடில்லை. விலையிலும் சில நூறுதான் கூடக்குறைய இருக்கும். ஆனால் 4கே எச்டிஆர் படங்கள் 10 பிட் எச்.265இல் வருகின்றன. ஆறாம் தலைமுறையின் சுற்றுக்கு 8 பிட் வரையே முழுமையாகத் தெரியும். 2017இல் வந்த ஏழாம் தலைமுறை 10 பிட்டையும் தானே விரித்துவிடும். முதல் இலக்கம் ஆறா ஏழா என்று பார்க்காமல் ‘ஐ5’ என்ற ஒட்டுப்படத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்தான் ஏமாறுகிறார். ஏவி1 வேண்டுமானால் இன்டெலில் 2020இன் பதினோராம் தலைமுறைக்குப் போக வேண்டும். 2023இல் வந்த என்100 என்ற சிறு சிப்புக்கு நான்கே கோர்கள், அடிப்படை மின் அளவு 6 வாட். ஆனால் அது 10 பிட் எச்.265, ஏவி1 இரண்டையும் விரிக்கும். ஐ5-6500டி இந்த அறையில் அதனிடம் தோற்றுப்போகும்.

ராஸ்ப்பெரி பை 5 ஒரு விசித்திரம். எச்.265க்கு அதில் சுற்று உண்டு. முந்தைய பை 4இல் இருந்த எச்.264 சுற்றை எடுத்துவிட்டார்கள். 1080 படங்களை அதன் பிராசஸரே சமாளித்துக்கொள்ளும் என்பதால் இது குறையாகத் தெரிவதில்லை.

4. போர்ட்

எச்டிஎம்ஐ 1.4 போர்ட் 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். 60க்கு 2.0 வேண்டும். மேலே சொன்ன ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது 1.4, பக்கத்திலுள்ள டிஸ்ப்ளேபோர்ட் 60ஐத் தரும். ஆனால் அதை டிவியில் செருக ஆக்டிவ் வகை மாற்றி வேண்டும். தெருவோரக் கடையில் தொங்கும் மலிவான மாற்றியைப் போட்டால் மீண்டும் 30தான்.

5. அசைவு

கடைக்காரர் ஒருபோதும் பேசாத பகுதி இதுதான். நான் அதிகம் மதிப்பதும் இதைத்தான்.

சினிமா நொடிக்கு 24 படச்சட்டங்கள்; டிவி நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. 24, 60க்குள் சரியாக அடங்காது. அதனால் ஒரு சட்டம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படுகின்றன. அதாவது ஒன்று 50 மில்லிநொடி நிற்கிறது, மற்றது 33. கேமரா வயல்வெளியை மெதுவாகத் தடவிக்கொண்டு நகரும் காட்சியில் பனைமரங்கள் வழுக்கிச் செல்லாமல் தயங்கித் தயங்கி நகர்வது இதனால்தான். பலர் டிவியைக் குறை சொல்லி, அதன் மோஷன் ஸ்மூத்திங்கை ஏற்றிவிட்டு, படத்தை மெகா சீரியல்போல ஆக்கிக்கொள்கிறார்கள்.

நம் ஒளிபரப்பும் டிவிடியும் வேறு கணக்கு: நொடிக்கு 25 சட்டம், ஒவ்வொன்றும் ஒற்றைவரி, இரட்டைவரி என இரண்டு புலங்களாகப் பிரிந்து 50. கல்யாண டிவிடியில் அட்சதை தூவும் கைகளை நிறுத்திப் பாருங்கள். விரல்களின் ஓரம் சீப்புப் பற்களாகத் தெரியும். அடுத்தடுத்த நேரங்களில் எடுத்த இரு புலங்கள் ஒரே சட்டத்தில் கிடப்பதன் விளைவு அது. இவற்றைப் பிரித்து நொடிக்கு 50 முழுச் சட்டங்களாக்கி 50 ஹெர்ட்ஸில் காட்டினால் மேடையில் நடப்பவர்கள் மனிதர்களைப்போல நடப்பார்கள். ஸ்டிக்குகள் பல இந்த இடத்தில்தான் கைவிரிக்கின்றன. கணினிக்குரிய நியாயமும் இங்கேதான் தொடங்குகிறது.

‘கோடி’யில் பிளேயர் அமைப்புகளுக்குள், படத்துக்கேற்பத் திரையின் புதுப்பிப்பு வேகத்தை மாற்றும் வசதி உண்டு. நிறுவியவுடன் அது அணைந்தே இருக்கும். நாம்தான் போட வேண்டும். ஒரு நுணுக்கம்: பெரும்பாலான படக் கோப்புகள் சரியாக 24 அல்ல, 23.976. திரை 24.000இல் ஓடினால் ஏறத்தாழ 42 நொடிக்கு ஒருமுறை ஒரு சட்டம் இரட்டிக்கும். பெட்டி இரண்டு வேகங்களையும் தனித்தனியாகத் தருகிறதா என்பதை விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பிலேயே பார்த்துவிடலாம்.

6. ஒலி

சுருக்கமாகச் சொல்லலாம். சவுண்ட்பார் டிவியின் ஏஆர்சி (எச்டிஎம்ஐ வழியே ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக இணைந்திருந்தால் ப்ளூ-ரேயின் டால்பி ட்ரூஎச்டி அதை எட்டாது. அதற்கு இஏஆர்சி வேண்டும். ஏவி ரிசீவர் வைத்திருப்பவர்கள் கணினியை நேரே ரிசீவரில் செருகி, ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் பாஸ்த்ரூவைப் போட்டுவிட்டால் போதும்.

7. சூடு, இரைச்சல், மின்சாரம்

கண்ணாடிக் கதவு போட்ட டிவி யூனிட்டுக்குள் மே மாத மதியத்தில் எந்தப் பெட்டியும் மூச்சுத் திணறும். மின்விசிறியில்லாத பெட்டியானால் திறந்த தட்டில் வையுங்கள். விசிறியுள்ளதானால் ஆண்டுக்கொருமுறை தூசி தட்டுங்கள். படத்தில் வசனமில்லாத கணத்தில் கேட்கும் மெல்லிய விசிறி ஒலி, கடையின் சந்தடியில் காதில் விழாது.

மின்கணக்கு எளிது. 10 வாட் பெட்டி நாள் முழுவதும் ஓடினால் 60 நாளில் 14.4 யூனிட். 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் அதே காலத்தில் 86.4 யூனிட் தின்னும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பங்கு அதற்கே போய்விடும்.

8. ரிமோட்டும் எழுத்தும்

டிவி ரிமோட்டாலேயே கணினியை இயக்க எச்டிஎம்ஐ-சிஇசி வேண்டும். ராஸ்ப்பெரி பையில் அது உள்ளேயே இருக்கிறது. மினி பிசிக்கள் பெரும்பாலானவற்றில் இல்லை. யுஎஸ்பியில் செருகும் தனி அடாப்டரோ, சிறு கம்பியில்லா ரிமோட்டோ வாங்க வேண்டியிருக்கும். அம்மாவின் கையில் கீபோர்டையும் மவுஸையும் கொடுக்கும் திட்டம் ஒரு வாரம் தாங்காது. எச்.265 படங்கள் மட்டும் உள்ள வீட்டுக்கு, ரிமோட் ஒன்றுக்காகவே பையையும், கலவையான சரக்குள்ள வீட்டுக்கு என்100 பெட்டியையும் சொல்வேன். ராம் 8 ஜிபி தாராளம்.

தமிழ் எழுத்தையும் சோதிக்க வேண்டும். ஒற்றைக்கொம்பு கணினியில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டு, காட்டும்போது முன்னால் வர வேண்டியது. எழுத்துகளைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் அது பின்னாலேயே உட்கார்ந்துவிடும். சப்டைட்டிலும் படப்பட்டியலும் படிக்கவே எரிச்சலாகும். ‘கொஞ்சம்’, ‘பெண்’ போன்ற சொற்களைப் பெயராக இட்ட ஒரு கோப்பைப் பென் டிரைவில் எடுத்துப்போங்கள். கூடவே 10 பிட் எச்.265 துண்டு ஒன்று, கல்யாண வீடியோ துண்டு ஒன்று. மூன்றையும் ஓட்டிக்காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.