சொற்பொழிவு கேட்க வந்தவர்கள் எழுப்பிய கேள்வி: 1918-இல் நம் பகுதியில்

சென்ற செயற்குழுக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நம் சங்கம் நடத்தும் இலவசச் சொற்பொழிவுகளை இனி உடல்நலம், யோகா, ஆன்மிகம் என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். மழைநீர் வடிகால், குப்பை, பார்க்கிங் போன்ற "பிரச்சினைத் தலைப்புகளில்" கலந்துரையாடல் வேண்டாம் என்பதுதான் அது. சொன்ன காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. போன முறை வடிகால் பற்றிப் பேச அழைத்திருந்த அதிகாரி வரவில்லை. வந்திருந்த நாற்பது பேரும் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். சமுதாயக் கூடத்தின் காவலாளி விளக்கை அணைத்த பிறகுதான் கூட்டமே கலைந்தது. முடிவெடுப்பதைப் பொதுக்குழுவுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

அதற்குள் உறுப்பினர்களுக்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். வெளியூர்க் கதை அல்ல. பெரம்பூர், பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு என்று நாம் தினமும் போய்வரும் தெருக்களில் நடந்தது.

சென்னையில் பொதுச் சொற்பொழிவு என்றால் முதலில் அது மண்டபத்துச் சமாசாரம். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். பச்சையப்பன் மண்டபம், பிறகு சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எழுந்த விக்டோரியா பொது மண்டபம் என்று படித்தவர்கள் கூடுவதற்கு இடங்கள் இருந்தன. 1897-இல் விவேகானந்தர் பேசியதும் அந்த விக்டோரியா மண்டபத்தில்தான். 1907-இல் விபின் சந்திர பாலர் வந்தபோது கூட்டம் மண்டபத்தை விட்டுத் திருவல்லிக்கேணிக் கடற்கரைக்குப் போனது. மணலில் உட்கார யாரும் வாடகை கேட்பதில்லை. திலகர் கட்டம் என்று பின்னாளில் பெயர் பெற்ற இடம் அந்தக் கடற்கரையில்தான் இருக்கிறது. ஆனாலும் மண்டபமோ மணலோ, பேசப்பட்டது பெரும்பாலும் தேசம், சமயம், சீர்திருத்தம் போன்ற பெரிய விஷயங்கள். ஒரு பேட்டைக்காரர்கள் தங்கள் பேட்டையின் கஷ்டத்தைப் பேசிக்கொள்ளும் மேடை அது அல்ல.

நம் பக்கத்தில் அப்படி மண்டபம் ஏதும் கிடையாது. இருந்தது பின்னி கம்பெனியின் நிர்வாகத்தில் இயங்கிய பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற இரண்டு பஞ்சாலைகள். "பி அண்டு சி மில்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பட்டாளத்துக்குக் காக்கித் துணி நெய்து அனுப்பும் ஆலை என்பதால் தறி நிற்க நேரமில்லை. விலைவாசியும் ஏறிக்கொண்டே போனது. நண்பகல் சாப்பாட்டுக்கு விட்ட இடைவேளை அரை மணி. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கை கழுவி, வெளியே வந்து, சாப்பிட்டு, வாசல் மூடுவதற்குள் உள்ளே ஓட வேண்டும். பிந்தினால் கூலி போயிற்று.

அந்தத் தொழிலாளர்களில் பலர் ஓய்வு கிடைத்தபோது போன இடம் ஒரு பக்தி சபை. பெயர் ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை. அதை நடத்தியவர்களில் இருவரை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் துணிக்கடை வைத்திருந்த செல்வபதி செட்டியார். மற்றவர் அரிசி வியாபாரம் செய்த ராமாநுஜுலு நாயுடு. இருவரும் வக்கீல்களோ பத்திரிகைக்காரர்களோ அல்லர், பேட்டைக் கடைக்காரர்கள். தொழிலாளி துணி வாங்க வருவார், அரிசி வாங்க வருவார், கடன் சொல்வார், கடன் சொல்ல நேர்ந்த காரணத்தையும் சொல்வார். மாலையில் அதே ஆள் சபையில் சொற்பொழிவு கேட்க வந்து உட்கார்ந்திருப்பார். கடையில் கேட்ட முறையீடும் சபையில் கேட்ட உபதேசமும் ஒரே முகங்களிலிருந்து வந்ததால்தான் இந்த இரண்டு வியாபாரிகளுக்கும் மனம் உறுத்தியது என்பது என் ஊகம்.

1918 மார்ச் 2-ஆம் தேதி தொழிலாளர்களுக்காகவே ஒரு கூட்டம் கூட்டினார்கள். பேச வந்தவர் திரு.வி.கலியாணசுந்தரனார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்துவிட்டு, அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் "தேசபக்தன்" நாளிதழின் ஆசிரியர் ஆகியிருந்தார். சமயச் சொற்பொழிவில் பழகிய நாக்கு அவருடையது. அன்று பேசியது தொழிலாளர் நிலை பற்றி, அதுவும் நல்ல தமிழில். மேடையில் அரசியலைத் தமிழில் பேசினால் எடுபடுமா என்று படித்தவர்கள் சந்தேகப்பட்ட காலம் அது. நெய்கிறவருக்கும் நூற்கிறவருக்கும் புரிகிற மொழியில் பேசியதுதான் அந்தக் கூட்டத்தின் பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன்.

அதன்பின் செட்டியாரும் நாயுடுவும் அன்னிபெசன்ட் அம்மையாரைப் பார்த்துவிடலாம் என்று "நியூ இந்தியா" பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார்கள். அம்மையார் அங்கே இல்லை. இருந்தவர் அவருடைய உதவியாளர் பி.பி.வாடியா. பம்பாய்ப் பார்ஸி, பிரம்மஞான சபைக்காரர், முந்தைய ஆண்டு அம்மையாரோடு உதகையில் காவலில் வைக்கப்பட்டவர். ஆலைத் தொழில் பற்றி அவருக்கு அதுவரை பெரிய அனுபவம் கிடையாது. தேடிப் போனவர் இல்லாமல், இருந்தவர் கிடைத்ததில் ஒரு சரித்திரமே தொடங்கியது. நாம் அழைத்த அதிகாரி வராததைப் பற்றி அலுத்துக்கொள்கிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

வாடியா ஏப்ரல் 13-ஆம் தேதி வந்து பேசினார். அவர் ஆங்கிலத்தில் பேச, அது தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டது. பெரிய தத்துவம் எதுவும் இல்லை. சாப்பாட்டு நேரம், தாமதத்துக்குத் தண்டனை, கூலி, மேஸ்திரிகள் நடத்தும் விதம் இவைதாம் பேச்சு. போர்க் காலத்தில் சிப்பாய்க்குத் துணி தடைப்படக் கூடாது, ஆகவே வேலைநிறுத்தம் வேண்டாம் என்றும் சொன்னார். ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைக்கப்பட்டது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் பலரும் குறிப்பிடுவது இதைத்தான். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர், நம் கடைக்காரர்கள் இருவரும் செயலாளர்கள். சாப்பாட்டு இடைவேளை சில நிமிடம் கூடியது. பத்து நிமிடமானாலும் சுடுசோற்றை மென்று தின்பவருக்கு அதன் அருமை தெரியும்.

நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன். மார்ச் 2, ஏப்ரல் 13, ஏப்ரல் 27 மூன்றுமே சனிக்கிழமை. எல்லாரும் வரக்கூடிய நாள் பார்த்துத்தான் கூட்டம் வைத்திருப்பார்கள் போலும். நாம் வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு வைத்துவிட்டு, வேலைக்குப் போகிறவர்கள் வருவதில்லை என்று குறை சொல்கிறோம்.

இதை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்லி முடித்தால் உறுப்பினர்களை ஏமாற்றியதாகும். 1920-இல் நிர்வாகம் ஆலையைப் பூட்டியது. வாடியா முதலானோர்மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவும் வாங்கியது. சங்கம் வைத்துப் பேசினால் இழப்பீட்டு வழக்கு வரும் என்ற அந்த நிலைதான், இந்தியாவுக்குத் தொழிற்சங்கச் சட்டம் தேவை என்ற குரலை வலுவாக்கியது. 1926-இல் சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1921 வேலைநிறுத்தத்தில், தொழிலாளர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெரும்பாலும் ஒரு பக்கம், சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் மறு பக்கம். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. பல மாதம் இழுத்த வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

இந்தப் பகுதியைப் பேச நமக்குக் கூச்சமாக இருக்கிறது. வேலைநிறுத்தம் என்றால் நாள்கணக்கில் கூலி இல்லை. அதைத் தாங்க எல்லா வீட்டிலும் ஒரே அளவு அரிசி இருந்திருக்காது. அந்த வித்தியாசத்தை இரு தரப்பையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசித் தீர்க்க 1921-இல் முடியவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அத்தனை பேரைக் கூட்டிய ஊர்தான் அது. பேச்சாளர்கள் குறைவில்லை. ஒருவர் சொல்வதை இன்னொருவர் பொறுமையாகக் கேட்கும் இடம்தான் இல்லாமல் போயிற்று.

ஆலை 1996-இல் மூடப்பட்டது. அந்த நிலத்தின் ஒரு பகுதியில் இன்று அடுக்குமாடி வீடுகள். தறிச் சத்தம் போய் லிஃப்ட் சத்தம் வந்திருக்கிறது. தண்ணீர் மட்டும் பழைய வழியை மறக்கவில்லை. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் பட்டாளமும் புளியந்தோப்பும் எப்படி நின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தரைத்தளத்தில் இருப்பவர்களின் சுவரில் கோடு இன்னும் இருக்கிறது. நாம் மோட்டார் வைத்து வெளியேற்றிய தண்ணீர் ஓட்டேரி நல்லாவை நோக்கித்தான் போனது. நல்லா ஓரத்துக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்று நம் கலந்துரையாடல்களில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவர்களை நாம் அழைக்கவே இல்லை.

என் கருத்து இது. யோகா வகுப்பு நடக்கட்டும். டாக்டர்கள் சர்க்கரை நோய் பற்றிப் பேசட்டும். மார்கழியில் திருப்பாவையும் இருக்கட்டும். அந்தப் பழைய சபையும் பக்திக்காகக் கூடியதுதானே? ஆனால் வடிகால் கலந்துரையாடலை நிறுத்த வேண்டாம். சனிக்கிழமைக்கு மாற்றுவோம். அதிகாரி வந்தால் நல்லது. வராவிட்டால் அவர் நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு, கேள்விகளைப் பதிவுசெய்து கையொப்பமிட்டு அனுப்புவோம். நல்லா ஓரத்திலிருந்து நான்கைந்து பேரை முன்வரிசையில் உட்காரவைப்போம். முதல் இருபது நிமிடம் அவர்கள் பேசட்டும். நம் நாற்பது பேரும் அதுவரை வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு நான் பொறுப்பு, என்னையும் சேர்த்து.

பொதுக்குழுவுக்கு முன்னோட்டமாகச் சங்க அலுவலக வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். பெயர் போட வேண்டியதில்லை, கேள்வி எழுதினால் போதும். இதுவரை பதினொரு சீட்டுகள் வந்திருக்கின்றன. அவற்றில் ஏழு, இரண்டாவது குறுக்குத் தெரு முனையில் மூடி உடைந்து கிடக்கும் அதே ஒரு பாதாளச் சாக்கடைக் குழியைப் பற்றியவை.