மைடு மக்களின் ஆவியுலகும் ஃபிராங்க் டேயின் தூரிகையும்

உலகம் பிறந்த கதையை மைடு மக்கள் நீரிலிருந்து தொடங்குகிறார்கள். சூரியன் இல்லை, நிலவு இல்லை, விண்மீன் ஒன்றுகூட இல்லை. எங்கும் இருட்டு, எங்கும் தண்ணீர். வடக்கிலிருந்து ஒரு தெப்பம் மிதந்து வருகிறது. அதில் ஆமையும் பெஹெய்ப்பே என்பவரும் இருக்கிறார்கள். வானத்திலிருந்து இறகுகளால் ஆன கயிறு ஒன்று இறங்க, அதைப் பற்றிக்கொண்டு படைப்பாளர் தெப்பத்தில் வந்து அமர்கிறார். உடல் சூரியனாய் ஒளிர்கிறது. முகம் மட்டும் மூடியிருக்கிறது. கொஞ்சம் மண் கிடைத்தால் நிலம் செய்யலாம் என்கிறார். ஆமை மூழ்குகிறது. ஆறு ஆண்டுகள் கழித்து, உடலெல்லாம் பச்சைப் பாசியோடு அது மேலே வரும்போது நகக்கண்ணில் ஒட்டிய மண் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. படைப்பாளர் அந்த மண்ணைக் கல்கத்தியால் பதமாகச் சுரண்டி, உள்ளங்கையில் சிறு கூழாங்கல் அளவுக்கு உருட்டி, தெப்பத்தின் பின்முனையில் வைக்கிறார். மூன்றாம் முறை போய்ப் பார்க்கையில் அது இரு கைகளால் அணைக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. நான்காம் முறை பார்த்தபோது உலகமே அதுதான். தெப்பம் தரைதட்டி நிற்க, சுற்றிலும் மலைகள்.

கலிபோர்னியாவின் வடபகுதியில், சியரா நெவாடா மலைத்தொடரின் சரிவுகளிலும் ஃபெதர், யூபா, அமெரிக்கன் ஆறுகளின் கரைகளிலும் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் மக்கள் இவர்கள். மலை மைடு, கொன்கௌ, நிசெனான் என மூன்று கிளையினர். மானிடவியலாளர் ரோலண்ட் டிக்சன் அவர்களிடம் கேட்டறிந்த கதைகளை 1902இல் அச்சேற்றினார். அந்தத் தெப்பம் தரைதட்டிய இடத்துக்குக் கதையிலேயே டடோய்க்கோ என்று பெயர் இருக்கிறது. பன்னிரண்டு வகைக் கொட்டைகள் காய்த்த முதல் ஓக் மரம் நின்றதும் அங்கேதான். மைடு சமயத்தில் எந்த நிகழ்ச்சியும் அந்தரத்தில் நடப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் போய் நின்று பார்க்கக்கூடிய ஒரு நிலம் உண்டு. இவர்களது ஓவியங்களைப் பற்றி நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவைதாம்.

பாறையிலும் ஏரியிலும் அருவியிலும் மலையிலும் குக்கினி எனப்படும் ஆவிகள் குடியிருக்கின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. மருத்துவப் பூசாரியாகப் போகிறவருக்கு அவற்றுள் ஒன்றாவது துணையாக அமைய வேண்டும். அந்தத் துணையோடுதான் நோயாளியின் உடலில் புகுந்த கேட்டை அவர் வாயால் உறிஞ்சி வெளியேற்றுவார். இறந்தவரின் ஆவி சமவெளிக்கு நடுவே தனித்து எழும் சட்டர் பியூட்ஸ் குன்றுகளுக்குப் போய், அங்கிருந்து வானுலகம் ஏறும். ஆக, ஊரைச் சுற்றியுள்ள நிலமே இவர்களுக்கு வேதநூல்.

அந்த வேதம் ஓதப்பட்டது குளிர்காலத்தில். பாதியளவு நிலத்துக்குள் தோண்டி, மேலே மண் மூடிய வட்டமான ஆட்டக்கூடத்தில் குக்சு எனப்படும் வழிபாட்டின் ஆட்டங்கள் நடந்தன. குழியின்மேல் கிடத்திய மரத்தைக் காலால் மிதித்துத் தாளம் எழுப்பினார்கள். ஆவியுருவாக வருபவரின் தலையைச் சுற்றி மெல்லிய குச்சிகள் நாலாபக்கமும் விரிந்து நிற்கும். ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் இறகு ஆடும். ஃபிளிக்கர் என்னும் மரங்கொத்தியின் இறகுத்தண்டுகள் செம்மஞ்சளாக மின்னும். அவற்றை ஒன்றையொட்டி ஒன்றாக வரிசையாகத் தைத்த பட்டையை நெற்றியில் கட்டிக்கொள்வார்கள். வண்ணம் பூசப்பட்டது ஆடுகிற உடம்பில். சட்டமிட்டு மாட்டும் ஓவியம் என்ற வழக்கம் அந்த மரபில் இல்லை.

பிறகு வந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சுருங்கச் சொன்னாலும் நெஞ்சு கனக்கிறது. 1848இல் தங்கம் கண்டெடுக்கப்பட்ட கோலோமா, நிசெனான் மக்களின் மண். அடுத்த சில ஆண்டுகளில் நோயும் துப்பாக்கியும் பசியும் ஊர்களைத் துடைத்தெடுத்தன. 1863இல் கொன்கௌ மக்களை உள்ளடக்கிய 461 பேரைப் படைவீரர்கள் சிக்கோவிலிருந்து மலைகளைத் தாண்டி ரவுண்ட் வேலி ஒதுக்கிடத்துக்கு நடத்திச் சென்றார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் 277 பேர். எஞ்சியவர்களின் பிள்ளைகளை அரசுப் பள்ளிகள் தாய்மொழியிலிருந்து பிரித்தன.

இந்தச் சிதறலுக்குப் பின்னால் பிறந்தவர் ஃபிராங்க் டே. 1902இல் பெர்ரி கிரீக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை டூபோ கொன்கௌ மக்களின் தலைவர்களில் ஒருவர். முதுமையில் பிறந்த இந்த மகனுக்கு இடங்களையும் அவற்றின் கதைகளையும் சொல்லி வளர்த்தார். மகன் கிரீன்வில் பழங்குடிப் பள்ளிக்கும் போனார். 1922இல் தந்தை இறந்ததும் ஊரைவிட்டுப் புறப்பட்டு, ஏறத்தாழ பத்தாண்டுகள் மேற்கு மாநிலங்களில் அலைந்து, பிற பழங்குடியினரோடு பழகித் திரும்பினார். பிறகு உழைப்பாளி வாழ்க்கை. 1960 வாக்கில் விபத்தில் பலத்த காயம்பட்டுக் கிடந்த காலத்தில்தான் தூரிகையை முனைப்பாகக் கையிலெடுத்தார். 1976இல் மறையும்வரை அவர் தீட்டியவை இருநூறுக்கும் மேல்.

டே ஓவியப் பயிற்சி பெற்றவர் அல்லர். வண்ணங்கள் அடர்த்தியானவை, உருவங்களின் அளவு நாம் எதிர்பார்க்கும் விகிதத்தில் இருக்காது. இதைக் கொண்டு அவரைப் 'பாமர ஓவியர்' என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அந்த மதிப்பீடு தவறு என்றே கருதுகிறேன். அவர் படம் மட்டும் தரவில்லை. படத்துக்குரிய கதையைத் தம் குரலிலேயே ஒலிநாடாவில் பதிவு செய்தார். இந்த இடத்தில், இன்னார், இன்னது செய்தார் என்று அந்தக் குரல் சொல்லும். எனவே ஓவியம் கதைசொல்லலின் ஒரு பாதி மட்டுமே; மறு பாதியைக் கேட்காமல் அதற்கு மதிப்பெண் போடுவது முறையாகாது.

இஷியைப் பற்றிய அவரது படத்தையே எடுத்துக்கொள்வோம். 1911இல் ஓரோவில் ஊருக்கருகே தனியாளாக வெளிப்பட்ட யாஹி இனத்தவர் இஷி. அதற்குச் சற்றுமுன் தாமும் தந்தையும் அவரைக் காட்டில் கண்டதாக டே சொன்னார். அந்தக் காட்சிதான் 'இயாமின் மூலில் இஷியும் தோழனும்'. காயம்பட்ட துணைவனுக்கு இஷி சிகிச்சை செய்துகொண்டிருக்கிறார். இஷிதான் தம் குழுவில் எஞ்சிய கடைசி ஆள் என்று எழுதப்பட்ட வரலாற்றோடு இது ஒத்துப்போகவில்லை. சான்று உண்டா என்று கேட்பது ஆய்வாளரின் உரிமை. ஆனால் டே அந்தக் காட்சியில் சொல்லவந்தது இஷி ஒரு மருத்துவம் அறிந்தவர், ஓர் இடத்தின் ஆற்றலைப் பயன்படுத்தத் தெரிந்தவர் என்பதை. வெளிப்பட்டபின் இஷி தங்கவைக்கப்பட்ட அருங்காட்சியகம் அவரை ஓர் ஆய்வுப்பொருளாக வைத்துப் பார்த்தது. டே அவரை ஒரு சமயத்தின் ஆளாகப் பார்த்தார். 1997இல் ஓக்லாந்து அருங்காட்சியகம் டேயின் படைப்புகளுக்கு நடத்திய பெருங்காட்சிக்கு 'நினைவும் கற்பனையும்' என்று பெயரிட்டது பொருத்தமே.

அவர் வரைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் ஃபெதர் ஆற்றின் குறுக்கே ஓரோவில் அணை எழும்பியது. 1968இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை, கொன்கௌ மக்களின் பழைய ஊரிடங்கள் பலவற்றை நீருக்குள் அமிழ்த்தியது. ஆவி குடியிருக்கும் இடமே மூழ்கிப்போனால் கதை எங்கே போய் நிற்கும்? டேயின் ஓவியத்துணி அப்போது அதற்கு நிலமாக நின்றது.

அது அங்கேயே நின்றுவிடவுமில்லை. டேயின் கதைகளையும் பாடல்களையும் ஆட்டங்களையும் கற்றுக்கொண்ட இளையோர் 'மைடு ஆட்டக்காரர்களும் மரபினரும்' என்ற குழுவாகத் திரண்டார்கள். விண்டு இனத்து ஓவியரும் பேராசிரியருமான ஃபிராங்க் லாபெனா அதில் முன்னின்றவர். உடம்பில் பூசிய வண்ணம் துணிக்கு வந்தது. துணியிலிருந்து மறுபடி ஆடும் உடம்புக்குப் போனது. ஓர் ஓவியர் தம் சமயத்துக்குச் செய்யக்கூடிய தொண்டில் இதைவிடப் பெரிது எனக்குத் தெரியவில்லை.

இதே கதைகளைத் தம் வழியில் தீட்டிய இன்னொருவர் ஹாரி ஃபோன்சேகா. 1946இல் சாக்ரமென்டோவில் பிறந்தவர், நிசெனான் வழியினர். மாமா முறையான கொன்கௌ மூத்தவர் ஹென்றி அஸ்பில் சொன்ன படைப்புக் கதையைக் கேட்டு 1977இல் அதை ஓவியமாக்கினார். பின்னாளிலும் அதே கதைக்குத் திரும்பத் திரும்ப வந்தார். பாறைக் கீறல்களையும் கூடை வரிகளையும் நினைவூட்டும் தட்டையான உருவங்கள் அவருடையவை. அவருக்குப் புகழ் தேடித்தந்தது கயோட்டி என்னும் சிறு ஓநாய். மைடு கதையில் படைப்பாளரின் ஏற்பாடுகளைக் குலைப்பது அதுதான். சாவை உலகுக்குக் கொண்டுவந்ததும் அதுதான். அந்தச் சாவுக்கு முதல் பலி, பாம்பு கடித்து இறந்த அதன் சொந்த மகன். அந்தக் கயோட்டிக்கு ஃபோன்சேகா 1979 முதல் தோல் சட்டையும் விளையாட்டுக் காலணியும் மாட்டி, சான் பிரான்சிஸ்கோ தெருவில் நிறுத்தினார். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் அது சமய ஓவியமே: காடு போய் நகரம் வந்தாலும் ஆவி இறந்துவிடவில்லை, உடை மாற்றிக்கொண்டது. மலை மைடு வழிவந்த ஓவியர் ஜூடித் லௌரி, கயோட்டியும் விண்மீன் சகோதரிகளும் வரும் கதையை இத்தாலிய மறுமலர்ச்சிக் கால ஓவியங்களின் மிடுக்கோடு தீட்டியிருக்கிறார்.

இந்த மைடு ஓவியர் மூவருள் எனக்கு முதல்வர் டேதான். மற்ற இருவருக்கும் கலைக்கூடங்களின் மொழி தெரியும். டேக்குத் தெரிந்தது இடம். அவரது படம் ஏதேனும் உங்கள் கண்ணில் பட்டால், கோடுகளின் நயத்தை எடைபோடும் முன் அதில் குறித்த இடப்பெயரை வாசியுங்கள். அங்கே நடந்த கதையைத் தேடிப் படித்துவிட்டு மீண்டும் படத்துக்கு வாருங்கள்.