பழைய கார்களின் பெட்ரோல் மானி: வரலாறும் பிழையறிதலும்

பெட்ரோல் மானி என்பது வாகனத் தொட்டியில் எஞ்சியுள்ள எரிபொருளின் அளவை முள்ளால் காட்டும் கருவியாகும். தொடக்க காலக் கார்கள் பலவற்றில் இது இல்லை. 1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி காரில் தொட்டி பெரும்பாலும் முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. இருக்கையைத் தூக்கி, மூடியைத் திறந்து, கோலை விட்டு அளந்தனர். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் 1960-களின் தொடக்கம் வரை மானி இல்லை. கடைசிச் சில லிட்டரைத் திறந்துவிடும் ரிசர்வ் திருகே இருந்தது.

இருவகை மானிகள்

மின் மானியில் தொட்டிக்குள் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் மட்டத்தோடு அது ஏறி இறங்கும்போது மின்தடை மாறும்; அதற்கேற்ப முள் நகரும். பிரிட்டிஷ் கார்களின் பழைய மானிகளில் இரு காந்தச் சுருள்கள் முள்ளை உடனுக்குடன் ஆட்டின. 1960-களில் ஈருலோகத் தகடு சூடாகி வளைவதால் மெல்ல நகரும் மானி பரவியது. அதற்கு மின்னழுத்தத்தைச் சுமார் 10 வோல்ட்டில் நிறுத்தும் சீராக்கி தேவைப்பட்டது.

இரண்டும் நேர் எதிரானவை. பழைய வகையில் தொட்டி நிறைந்தால் மின்தடை கூடும். பிந்தைய வகையில் குறையும். ஆகவே ஒன்றின் மிதவைக் கருவியை மற்றதன் மானியோடு இணைத்தால் அளவு தலைகீழாகத் தெரியும்.

இந்தியாவில்

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த அம்பாசடர், மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரானது. டிரையம்ஃப் ஹெரால்டை ஒட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு சென்னையை அடுத்து உருவானது. இத்தகைய கார்களைப் பேணுவோர் முதலில் தம் மானி எந்த வகை என்று அறிய வேண்டும்.

பிழையறிதல்

சாவியைத் திருப்பியதும் முள் சட்டென எழுந்தால் பழைய வகை. மெல்ல ஏறினால் ஈருலோக வகை. பெட்ரோல் முள், வெப்ப முள் இரண்டும் ஒரே நேரத்தில் அதிகம் காட்டினால் சீராக்கியை ஐயுறலாம். எப்போதும் குறைவாகவே காட்டினால் மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம்.

எர்த் இணைப்பு முக்கியமானது. திருச்செந்தூரை அடுத்த குலசேகரன்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிக்கும். தொட்டியின் எர்த் அறுந்தால் ஈருலோக மானி 'காலி' என்று காட்டும். பழைய மானியோ 'முழுமை' என்று காட்டும். முன்னது வீண் கவலைதான். பின்னதை நம்பிப் புறப்பட்டவர் நடுவழியில் நிற்க நேரும்.

தொட்டியருகே வேலை செய்யும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் ஆவிக்கு ஒரு தீப்பொறி போதும். பழுது நீக்கியபின், காலித் தொட்டியில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. பெட்ரோல் நிலையங்களின் நிலத்தடித் தொட்டிகளை இன்றும் கோல் விட்டுச் சரிபார்ப்பது வழக்கத்தில் உள்ளது.