'சொல்லி அனுப்புறோம்!'

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் மதுரை பஸ் வந்து நிற்கும்போது கவனித்திருக்கிறீர்களா? சர்டிஃபிகேட் ஃபைலோடு ஒரு பையனாவது இறங்குவான். இனி திருச்சுழிப் பக்கம் இன்னொரு பஸ் பிடிக்கணும். வானம் பார்த்த கரிசல் பூமி. மழையை நம்பினால் ஆகாது என்றுதான் அப்பா கடன் வாங்கிப் படிக்க வைத்தார். 'இன்டர்வியூ என்னப்பா ஆச்சு?' என்று கேட்டால், 'சொல்லி அனுப்புறோம்னாங்க' என்பான்.

சொல்லி அனுப்ப மாட்டார்கள். எங்கே கோட்டை விட்டோம் என்று தெரியாமலேயே அடுத்த இன்டர்வியூவுக்கும் போவான். அதே தப்பைச் செய்வான்.

அவனுக்காக ஒரு பழைய கடிதக் கதை.

1912. மெட்ராஸ் துறைமுகத்தில் மாசம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ஒரு கிளார்க். காலேஜ் பரீட்சையில் தோற்றவர். பெயர் ராமானுஜன்! அவருடைய கணக்குகளை, இன்ஜினீயரிங் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், லண்டனிலிருந்த பேராசிரியர் ஹில்லுக்கு அனுப்பினார். டிசம்பரில் பதில் வந்தது. ஆளுக்குத் திறமை இருக்கிறது. ஆனால், முடிவே இல்லாத தொடர்க் கணக்கில் வழுக்கி விழுந்திருக்கிறார். பிராம்விச் எழுதிய புத்தகத்தைப் படிக்கட்டும். எதையும் தெளிவாக எழுதட்டும்... இதுதான் சாரம்.

1+2+3 என்று கூட்டிக்கொண்டே போனால் மைனஸ் 1/12 என்று ராமானுஜன் எழுதியிருந்ததை, ஹில் தப்பு என்றார். வேடிக்கை என்ன தெரியுமா? சாதாரணக் கூட்டலில் அது தப்பு. வேறொரு முறையில் அதற்கு அர்த்தம் உண்டு. இன்று இயற்பியலிலும் பயன்படுகிறது! ஆக, ஹில்லும் கொஞ்சம் சறுக்கினார். ஆனால் எது இடித்தது, எதைப் படிக்கணும் என்று சொன்னாரே!

1913 ஜனவரி 16. ராமானுஜன் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதினார். பிப்ரவரி 8-ம் தேதி ஹார்டி எழுதிய பதில் இன்னும் அழகு. ஏற்கெனவே தெரிந்தவை, புதுசு ஆனால் வெறும் வேடிக்கையானவை, புதுசும் முக்கியமும் ஆனவை என்று கணக்குகளை மூன்றாகப் பிரித்தார். 'நிரூபணம் அனுப்புங்கள்' என்று கேட்டார். லண்டன் பேராசிரியரைப் போலவே நீங்களும் பதில் போடுவீர்கள் என்று நினைத்திருந்தேன் என்று ராமானுஜன் அவருக்கு எழுதினார். பாருங்கள், அந்தக் குட்டு மறக்கவே இல்லை! 1914-ல் கப்பலேறியவர், 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர்.

இன்டர்வியூ மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவரா நீங்கள்? வேலை கொடுக்க முடியாவிட்டால் பரவாயில்லை சார். எது நன்றாக இருந்தது, எங்கே தடுக்கியது, எதைப் படிக்கலாம் என்று மூன்றே வரி சொல்லுங்கள். திருச்சுழி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் அதை நூறு தடவை நினைத்துப் பார்ப்பான்.