கட்டியங்காரனும் காலமும்

மூலத்திலிருந்து விலகியது என்பது ஒரு தழுவலின் மேல் சுமத்தத்தக்க குற்றமே அல்ல. வில்லிபுத்தூரார் வியாசரிலிருந்து விலகினார். வில்லியை வைத்துக்கொண்டு தெருக்கூத்து மேலும் விலகிற்று. கேட்கவேண்டியது வேறு: விலகலுக்கு யார் பொறுப்பு ஏற்கிறார்கள்?

பி. ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை தூர்தர்ஷனில் 94 பகுதிகளாக வந்தது. 2020 ஊரடங்கின் மறுஒளிபரப்பில்தான் நான் அதை முழுதாகப் பார்த்தேன். வசனம் நாவலாசிரியர் ராஹி மாஸூம் ராஸா. இந்திரப்பிரஸ்த மண்டபத்தில் தண்ணீரைத் தரையென்று எண்ணித் துரியோதனன் விழுகிறான். திரௌபதி சிரிக்கிறாள், குருடன் மகனும் குருடன் என்கிறாள். பின்னால் சபையில் நடப்பதற்கெல்லாம் இது காரணமாக நின்றுவிடுகிறது.

பூனா பண்டார்கர் நிறுவனம் 1966-ல் முடித்த செம்பதிப்பின் சபா பர்வத்தில் கதை சொல்லும் குரல், சிரித்தவர்களாகப் பணியாட்களையும் பீமனையும் தம்பிகளையுமே சொல்கிறது. திரௌபதி அங்கே இல்லை. சற்றுப் பின்னால், தகப்பனிடம் முறையிடும் துரியோதனன்தான், பெண்களோடு சேர்ந்து அவளும் சிரித்தாள் என்கிறான். குருடன் மகன் என்ற சொல் அவன் முறையீட்டிலும் அவள் வாயில் இல்லை. அதை ராஸா கற்பித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வியாசரில் ஒரு வாதியின் வாக்குமூலமாக இருந்தது, திரையில் நிகழ்ச்சியாகிவிட்டது. பாத்திரம் மாறியது இந்த இடத்தில்தான்.

நான் வேலை பார்க்கும் கடப்பாக்கமும் செய்யூர், மரக்காணம் பக்கமும் கூத்து வழங்கும் பூமி. திரௌபதியம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கூத்துத் திரௌபதியும் வியாசரின் திரௌபதி அல்ல. கூந்தல் முடியேன் என்ற சபதம் வியாசரில் இந்த வடிவில் கிடையாது. படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் தொடையிலிருந்து ரத்தம் எடுத்து அவள் கூந்தல் முடிகிறாள். ராணி அம்மனாகிவிட்டாள், இதைவிடப் பெரிய மாற்றம் ஏது? ஆனால் துகிலுரியும் கட்டத்தில் கூத்து நிற்கிறது. கற்பூரம் ஏற்றுகிறார்கள். துச்சாதனன் வேஷக்காரர் வேஷத்துக்கு வெளியே வந்து, தாயே பொறுத்துக்கொள் என்று வேண்டிக்கொண்ட பிறகே சேலையைத் தொடுகிறார். கூடவே கட்டியங்காரன் நிற்கிறான். ராஜாவையும் கேலி செய்கிறான், நம்மையும் கேலி செய்கிறான். இது ஆட்டம், ஆடுகிறவர்கள் மனிதர்கள் என்பதைப் பார்ப்பவன் மறக்க வழியில்லை.

சோப்ராவின் தொடரில் கட்டியங்காரன் இடத்தில் யார்? காலம். ‘நானே காலம்’ என்று அண்டவெளியிலிருந்து ஒரு குரல் கதையைத் தொடங்குகிறது. உத்தியாகப் பார்த்தால் ராஸாவின் அபாரமான கண்டுபிடிப்பு. ஆனால் கோமாளி சொன்னால் சந்தேகப்படலாம். காலமே சாட்சி சொன்னால் யார் குறுக்கு விசாரணை செய்வது? ஒரு வசனகர்த்தாவின் தேர்வு என்றென்றைக்குமான உண்மையாகிறது.

‘பொம்பளை சிரிச்சா போச்சு’ என்பது நம்மிடம் முன்பே இருக்கும் பழமொழி. தொடர் அதற்கு ஓர் இதிகாச ஆதாரம் தந்துவிட்டது. எங்கள் கிளையில் நகைக்கடனுக்குக் காத்திருந்த ஒரு பெரியவர், “அவ சிரிச்சதாலதானே சார் அத்தனை பேரும் செத்தாங்க” என்றார். எத்தனையோ விடியும்வரை படுகளம் பார்த்தவர் அவர். வியாசர் அப்படிச் சொல்லவில்லை என்றேன். “டிவியிலேயே காட்டினாங்களே” என்றார்.

கூத்தில் பார்த்ததற்கு அவர் ஒருநாளும் இப்படி ஆதாரம் காட்டமாட்டார்.