கடலில்லாக் கோரமண்டல்

கோலார் தங்கவயலில் கோரமண்டல் என்றோர் இரயில் நிலையம் உண்டு. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை 1894ஆம் ஆண்டில் போடப்பட்ட சிறிய கிளைப்பாதையில் அது அமைந்துள்ளது. கோரமண்டல் என்பது நம் கீழ்க்கடற்கரைக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயராகும். சோழமண்டலம் என்ற சொல்லே அவர்தம் நாவில் அவ்வாறு திரிந்தது என்பர் அறிஞர். கடலுக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, எண்ணூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், அலையோசையே கேளாத ஊருக்குக் கடற்கரையின் பெயர் வந்த விந்தையை நினைத்துக்கொண்டே ஒரு விடியற்காலையில் மிதிவண்டிகளில் புறப்பட்டோம். பேத்தமங்கலம், ஆவணி, கோலார், பங்காருப்பேட்டை என்று வட்டமிட்டு மீண்டும் அதே நிலையத்திற்கு வருவது எம் திட்டம். ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். ஏற்ற இறக்கம் உண்டெனினும், காலுக்குப் பழக்கமுள்ளவர் எவரும் ஒரு பகலில் முடிக்கக்கூடிய வழியே.

தங்கவயலை விட்டு நீங்குகையில் கண்ணில் படுவன சயனைட் மேடுகள். பாறையைப் பொடித்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய மண், நூறாண்டுக்கும் மேலாகக் குவிந்து குன்றாகிவிட்டது. காற்று வீசும் மாதங்களில் அதன் தூள் வீடுகளுக்குள் புகும். தாழ்வாரத்தைத் துடைத்துத் துடைத்துச் சலித்த தாய்மாரை நாம் அறிவோம். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பொறுப்பேற்றது முதல், 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது வரை, இம்மண்ணிலிருந்து எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன் என்பர். தங்கம் போயிற்று, மேடு நின்றது.

தங்கத்தைக் கண்டவர் ஆங்கிலேயர் என்று பள்ளிப் புத்தகம் படித்தோர் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. 1802இல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன், ஊரிகம், மாரிக்குப்பம் ஆகிய இடங்களில் கிராமத்து மக்கள் முன்னரே மண்ணைக் கழுவியும் குழி தோண்டியும் பொன் எடுத்துவந்ததைக் கேட்டும் கண்டுமே எழுதிவைத்தார். எழுபதாண்டு கழித்து அக்குறிப்பைப் படித்துத் தேடிவந்தவர் மைக்கேல் லாவெல். உரிமம் பெற்றவர் பெயர் ஏட்டில் நின்றது. குழி தோண்டியவர் பெயர் எங்கும் இல்லை.

பேத்தமங்கலத்தில் சற்று இளைப்பாறினோம். அங்குள்ள ஏரி பாலாற்றின் குறுக்கே அமைந்தது. தங்கவயலின் குழாய்களில் வந்த குடிநீர் பல்லாண்டுகள் இவ்வேரியிலிருந்தே சென்றது. நந்திமலைப் பக்கத்தில் பிறக்கும் பாலாறு இவ்வழியே கிழக்கு நோக்கிச் சென்று, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் ஆகிய ஊர்களைத் தொட்டு, கற்பாக்கத்தை அடுத்த வாயலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி மணலாறாகவே கிடப்பினும், வரைபடத்தில் அதுவே தங்கவயலையும் உண்மையான கோரமண்டற்கரையையும் இணைக்கும் கோடு. நம் பாட்டன்மார் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து, பஞ்சத்திற்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி, அவ்வாற்றின் போக்கிற்கு எதிர்த்திசையில் மேலேறி வந்தவர்கள். சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்தோரும் பலர்.

மேலே ஏறிவந்தவர்கள் பின்னர்க் கீழே இறங்கினார்கள். எவ்வளவு கீழே என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. சாம்பியன் ரீப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழத்தை எட்டியது. தரையோ கடல் மட்டத்திற்கு மேல் 800 மீட்டருக்குச் சற்று அதிகம். எனவே அடித்தளத்தில் நின்று துளையிட்டவன், கடல் மட்டத்திற்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் நின்றான். வாழ்நாளில் கடலையே காணாதவர் பலர் நாள்தோறும் கடலினும் தாழ்ந்த இடத்திற்குச் சென்று மீண்டனர். சிலர் மீளவில்லை. அங்குப் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டியது. ‘ஏர் பிளாஸ்ட்’ என்று தொழிலாளர் சொல்லும் பாறை வெடிப்பு எந்த நொடியில் வருமென்று எவருக்கும் தெரியாது. அதில் தப்பியவர்களையும் கல்தூசி நுரையீரலில் படிந்து பிற்காலத்தில் வாட்டியது. அதே சுரங்கத்தில்தான் 1965இல், அண்டவெளிக் கதிர்கள் வளிமண்டலத்தில் தோற்றுவிக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் சுவட்டை அறிவியலார் கண்டனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆவணிக்குப் போகும் பாதை பாறைக் குன்றுகளுக்கிடையே செல்வது. மாந்தோப்பும் கேழ்வரகுக் கொல்லையும் மாறி மாறி வரும். இவ்வழியில் எம்மில் ஒருவர் வண்டி பஞ்சராயிற்று. ஒட்டிக் கொடுத்த கடைக்காரர் கன்னடத்தில் கேட்டார், தெலுங்கில் விலை சொன்னார், தமிழில் விடை கொடுத்தார். ஆவணியில் உள்ள இராமலிங்கேசுவரர் கோயில் தொகுதி நுளம்ப மன்னர் காலத்தது, பத்தாம் நூற்றாண்டினது. சீதை இங்கு வாழ்ந்தாள் என்பது ஊரார் நம்பிக்கை.

கோலாருக்கு நடுப்பகலில் சேர்ந்தோம். இனி நாம் சொல்ல வந்ததே இங்குத்தான் உள்ளது. கோலாரம்மன் கோயிற் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. இராசராசன் காலத்தில் கங்கர் வீழ்ந்தபின், குவளாலம் எனப்பட்ட இவ்வூரும் சுற்றுப்புறமும் சோழர் வசமாயின. முன்பு செங்கல்லால் இருந்த பிடாரியார் கோயிற் பகுதிகளைக் கருங்கல்லாற் கட்டுவித்ததை இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. 1116ஐ ஒட்டி ஹொய்சள விட்டுணுவர்த்தனன் சோழரை வெளியேற்றும் வரை ஒரு நூற்றாண்டுக்கு மேல் அவ்வாட்சி நீடித்தது. லூயிசு ரைசு 1905இல் வெளியிட்ட கோலார் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் இவற்றைக் காணலாம். அக்காலத்தில் இந்நாட்டுக்குச் சோழர் இட்ட பெயர் யாது தெரியுமா? நிகரிலிச் சோழமண்டலம்!

ஆக, கடலில்லா ஊருக்குக் கோரமண்டல் என்று பெயரிட்ட ஆங்கிலேயர், தாம் அறியாமலேயே பழைய பெயர் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டனர். எண்ணூறு ஆண்டுகள் உறங்கிய பெயர், திரிந்த உருவில், ஓர் இரயில் நிலையத்தின் பலகையில் வந்து அமர்ந்தது.

இதைச் சொன்னவுடன் நம்மவருள் சிலர் மார்தட்டத் தொடங்குவர், இம்மண் நமதென்பர். நமக்கு அது உவப்பன்று. சோழன் இங்கு வந்தது படையோடு. நம் முன்னோர் வந்ததோ கூலிக்கு. மன்னன் வெட்டிய கல்வெட்டைக் காட்டி உழைத்தவனின் உரிமையை நாட்டவேண்டிய தேவை இல்லை. அவ்வுரிமைக்கு வேறு சான்றுகள் உள. கைரேகைப் பதிவு என்னும் இழிவை எதிர்த்து 1930இல் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தது ஒரு சான்று. அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் நடத்திய ‘தமிழன்’ இதழை, அவர் மறைந்து பன்னிரண்டாண்டுகளுக்குப் பின், 1926இல் அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளியிட்டது மற்றொன்று. சுரங்கத்தில் எட்டு மணி நேரம் உழன்றவன் மேலேறி வந்து காசு கொடுத்து இதழ் வாங்கிப் படித்தான். அக்கல்வெட்டுகளினும் நாம் போற்றத்தக்கது இதுவே என்பது எம் கருத்து.

கோலாரில் ஐதர் அலியின் தந்தையின் அடக்கத்தலத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுத் தெற்கே திரும்பினோம். ஐதர் பிறந்த பூதிக்கோட்டை பங்காருப்பேட்டைக்கு அப்பால் உள்ளது. பொழுது இன்மையால் அங்குச் செல்லவில்லை. பங்காருப்பேட்டைக்குப் பழம்பெயர் பவுரிங்பேட்டை. மைசூர் ஆணையராயிருந்த பவுரிங்கின் பெயர் தேய்ந்து, பங்காரு என்னும் பொன் அவ்விடத்தில் ஏறிக்கொண்டது. மக்கள் வாய்க்கு எது பொருத்தமோ அதுவே நிற்கும் போலும்.

மாலையில் தங்கவயலை நெருங்குகையில் விளக்குகள் எரியத் தொடங்கின. 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இச்சுரங்கங்களுக்கு மின்சாரம் கொணர்ந்தனர். பெங்களூர்த் தெருக்களுக்கே மின்விளக்கு 1905இல்தான் வந்தது. தொழிலாளர் லயன்களுக்கு அவ்வொளி எட்டப் பன்னாள் ஆயிற்று.

கோரமண்டல் நிலையத்தில் வண்டிகளைச் சாய்த்துவிட்டுத் தேநீர் அருந்தினோம். சுரங்கத்துச் சங்கு ஊதி ஷிப்டு மாறிய நேரங்கள் இன்று இல்லை. விடியுமுன் பெங்களூருக்குப் புறப்பட்டு, இருட்டிய பின் திரும்பும் இரயிலே இப்போது ஊரின் கடிகாரம். அந்த வண்டி வந்து நின்றது. சோற்றுப் பைகளைத் தோளில் மாட்டிய இளைஞரும் பெண்டிரும் இறங்கினர். தண்டவாளத்தை ஒட்டிய வேலியோரம் காலையில் விட்டுச்சென்ற தத்தம் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு, மேடுகளின் நிழல் வழியே தமிழும் கன்னடமும் கலந்து பேசியபடி வீட்டுக்குப் போனார்கள்.